தோட்டாவும் தண்டாலும்

ராணுவ அகாடமியின் பதினேழாம் எண் வீரன் பந்தை அணைத்தபடி எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்ததும் அமெரிக்க ஃபுட்பால் அரங்கமே எழுந்து கத்தியது. பெர்னீஸின் பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“போதும்டா பாவிகளா! இனிமே ஒரு பாயின்ட்கூட எடுக்காதீங்க!”

பெர்னீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன் சார், தலையில நம்ம அகாடமி தொப்பி, வாயில எதிராளிக்கு ஜால்ராவா? எதுக்கு டிக்கெட் வாங்கினீங்க?”

“நான் மட்டுமா? சொந்தக்காரங்க அத்தனை பேரையும் வாங்க வெச்சேன்மா. அரங்கம் நிரம்பி வழியணும். ஆனா நம்மாளுங்க பாயின்ட் எடுக்கக்கூடாது!”

“கிறுக்கா உங்களுக்கு?”

“நான் அகாடமியோட துப்பாக்கி சுடற டீமுக்கு கோச். எங்க போட்டிக்கு டிக்கெட் போட்டா ஈ, காக்கா வராது. இந்த ஃபுட்பால் வசூல்லதான் எங்களுக்குத் தோட்டாவே வருது.”

“அப்போ ஜெயிச்சா சந்தோஷப்படணுமே!”

அவர் கீழ் வரிசையைக் காட்டினார். சீருடை மாணவர்கள் தரையில் கவிழ்ந்து தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒவ்வொரு தடவை பாயின்ட் ஏறும்போதும், அதுவரைக்கும் எடுத்த மொத்தப் பாயின்டுக்கும் தண்டால் எடுக்கணும். இங்க அதான் வழக்கம். ஓரமா நாக்குத் தள்ளிக் கிடக்குதே, அதுதான் என் டீம். நாளைக்குக் காலைல போட்டி. இந்தக் கையோட எங்க குறி பார்க்கறது?”

பெர்னீஸ் சிரிப்பை அடக்குவதற்குள் அரங்கம் மறுபடி அலறியது. அதே பதினேழாம் எண்!

கோச் முகத்தைப் பொத்திக்கொண்டார். பெர்னீஸ் அவர் தோளைத் தட்டினாள்.

“மன்னிச்சுக்குங்க கோச். அவன் என் பையன்தான். சின்னதுலேர்ந்தே சொன்ன பேச்சு கேட்கமாட்டான்!”