கரண்டை உறிஞ்சும் ஆள்

"உன் கம்ப்யூட்டர்மேல ஒரு குத்தமும் இல்ல, தங்கச்சி. இந்தக் கட்டடத்துல எவனோ ஒருத்தன் மொத்தக் கரண்டையும் உறிஞ்சுறான்" என்றார் மார்லிஸ், மல்டிமீட்டரைக் கையில் பிடித்தபடி.

சைகலின் முகம் வெளுத்துவிட்டது. நாலு மணிக்கு அவளுக்கு இணையத்தில் தேர்வு. தேறினால் ஜெர்மனியில் நர்ஸ் வேலை. நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தால் அடுத்த வருடம்தான். அதுவோ ஒரு வாரமாகத் தினமும் நாலைந்து தடவை பொட்டென்று அணைகிறது.

மார்லிஸும் லேசுப்பட்டவர் இல்லை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அவருடைய ரிப்பேர் கடை. பெட்டியை அங்கே கொண்டுபோய் ஸ்டெபிலைசரில் மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். பவர் சப்ளையில் பன்னிரண்டு வோல்ட் சரி, ஐந்து சரி, மதர்போர்டும் சுத்தம். மூன்றாம் மாடிக்குத் திரும்பி வந்ததும் பழைய கதைதான்.

வீட்டுக்கே வந்தும் மூன்று முறை அளந்துவிட்டார். அவர் இருக்கும்வரை சுவர் பிளக்கில் இருநூற்று இருபது வோல்ட் அசையாமல் நிற்கும். அவர் படியிறங்கிப் போன பத்தாவது நிமிடம் கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிடும்.

"இன்னிக்கும் கூப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்திருக்கீங்க, அண்ணே!"

"கடையில எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தானேம்மா வரணும்? தீப்பிடிச்சா நீயா வந்து அணைப்பே?"

"நான் டீகூடப் போடாம உக்காந்திருக்கேன். வெறும் ரொட்டிதான் இருக்கு."

வெறும் வாயோடு வாசல் தாண்டினால் அவள் மனசு வருத்தப்படும். மார்லிஸ் நின்றபடியே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மீட்டர் உன்கிட்டயே இருக்கட்டும். போனை வைக்காம, நம்பரை வாசிச்சுக்கிட்டே இரு. நான் ஒவ்வொரு கதவா தட்டுறேன். அந்த நாலாவது மாடி வாத்தியார்மேலதான் எனக்குச் சந்தேகம். இந்தக் குளிர்ல பனியனோட திரியுறார்! யாரா இருந்தாலும் சரி, மன்னிக்கவே மாட்டேன்."

வாத்தியார் கதவைத் திறந்தபோது இரண்டு கம்பளிக்குள் இருந்தார். அவருடைய ஹீட்டர் உடைந்து மூன்று நாளாகிறதாம். ஐந்தாவது மாடியில் ஆளே இல்லை. இரண்டாவது மாடியில் ஒரே ஒரு பல்பு எரிந்தது.

"இருநூத்தி இருபது... இருநூத்தி இருபது..." என்று போனில் சைகல் வாசித்துக்கொண்டே இருந்தாள். மணி மூன்றரை.

பிஷ்கேக் நகரத்தின் ஜனவரிக் குளிர், உடைந்த ஜன்னல் வழியாகப் படிக்கட்டில் வீசியது. மார்லிஸுக்கு விரல்கள் மரத்துப் போயின. கொஞ்சம் சூடேற்றிக்கொண்டு மறுபடி தேடலாம் என்று கடைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். வழக்கம்போலக் கை தானாகவே சுவிட்சைத் தட்டியது. ஆஸ்பெஸ்டாஸ் குழாயில் அவரே கம்பி சுற்றிச் செய்த ஹீட்டர், மெல்லச் சிவக்கத் தொடங்கியது.

"அண்ணே! நூத்தி அறுபது! கம்ப்யூட்டர் அணைஞ்சுபோச்சு!"

மார்லிஸ் சுவிட்சைப் பார்த்தார். அணைத்தார்.

"இருநூத்தி இருபது!"

போட்டார்.

"நூத்தி அறுபது!"

அணைத்தார். அவமானத்தில் காது மட்டும் சூடாக இருந்தது.

"இருநூத்தி இருபது! மறுபடி ஏறிடுச்சு! அண்ணே, ஆளைப் பிடிச்சிட்டீங்களா?"

மார்லிஸ் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டார். குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, குளிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிடிச்சிட்டேம்மா. நீ தைரியமா பரீட்சை எழுது, இனிமே அணையாது."

"யாருண்ணே அது? சும்மாவா விட்டீங்க?"

"நல்ல மனுஷன்தாம்மா... மன்னிச்சு விட்டுட்டேன்."