மோட்டார் கொட்டாயில் ஒரு சூளை

“ஏங்க, வரப்பு மேல யாரோ வர்றாரு பாருங்க. பேண்டு சட்டை, தோள்ல பேக்கு. நேரா இங்கதான் வர்றாரு.”

கல்பனா சொன்னதும் அரிகரன் மோட்டார் கொட்டாயிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். அபிஷேகப்பாக்கம் ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒருவர் வந்துகொண்டிருந்தார். சேற்றில் வழுக்கினார். ஆனாலும் நிற்கவில்லை.

“கரண்டு ஆபீசுதான்டி. போச்சு.”

கொட்டாய்க்குள் கல்பனா மண் கப்பு சுடுகிற மின்சூளை ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பு உயர இரும்புப் பீப்பாய், மேலே ஒரு மூடி. வீட்டில் போட்டபோது தெரு விளக்கெல்லாம் மங்கியது, ஃபியூஸ் போனது. வீட்டுக்கு மூணு பேஸ் லைன் கேட்டு எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகியும் பதில் இல்லை. பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்று அறுபது கப்பு கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். வேறு வழி தெரியாமல் சூளையை டெம்போவில் ஏற்றிவந்து, பயிருக்கு மட்டும் விடுகிற மோட்டார் கரண்டில் மாட்டிவிட்டார்கள்.

“கையும் களவுமா புடிச்சா மோட்டார் கனெக்‌ஷனையே புடுங்கிடுவாங்க. நெல்லு பால் புடிக்கிற நேரம்” என்றபடி அரிகரன் சுவிட்சை அணைத்தான். கேபிளைப் பிடுங்கி உரச் சாக்குக்கு அடியில் தள்ளினான்.

“மூடியத் தொற. சூடா இருந்தா இப்பத்தான் ஓட்டினோம்னு கண்டுபுடிச்சிடுவாரு.”

“இன்னா பேசறீங்க? இப்பத்தான் தொள்ளாயிரம் டிகிரி காட்டிச்சு. நூறுக்குக் கீழ எறங்காம தொறந்தா அத்தினியும் வெடிச்சிடும்.”

“கப்பு போனா வேற பண்ணிக்கலாம். ரெண்டு காணி நெல்லு போனா இன்னாடி பண்ணுவ?”

கல்பனாவுக்கு அது ஒரு மாத வேலை. இந்தப் பனி ஈரத்தில் ஒவ்வொரு கப்பையும் கன்னத்தில் வைத்து, ஜில்லென்றால் இன்னும் காயவில்லை என்று திரும்ப எடுத்து வைத்தவள் அவள். தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி மூடியைத் தூக்கினாள். அனல் குபீரென்று கூரைக்கு ஏறியது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ‘டிக்’ என்றது. இன்னொரு ‘டிக்’. வரிசையாகக் கப்புகள் விரிசல் விட ஆரம்பித்தன.

அதற்குள் அந்த ஆள் வாசலுக்கு வந்துவிட்டார்.

“அரிகரன்றது நீங்கதானே?”

“ஆமா சார்.”

“இதுதானா அது?”

“எது சார்? இது... முட்டை பொரிக்கிற பெட்டி சார். கோழி வளக்கலாம்னு.”

அவர் எட்டிப் பார்த்தார். அனல் அடித்ததும் பின்வாங்கினார்.

“இவ்ளோ சூட்டுலயா குஞ்சு பொரிக்கும்? உள்ள கப்பா இருக்குதே?”

“அது கோழிக்குத் தண்ணி வெக்கறதுக்கு சார்” என்றாள் கல்பனா. சொன்ன பிறகுதான் அவளுக்கே அழுகை வந்தது.

வந்தவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்துச் சூளையின் உயரத்தை அளந்தார். சுவருக்கும் சூளைக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அளந்தார். நோட்டில் எழுதினார். போனை எடுத்து மூன்று போட்டோ பிடித்தார். ஒவ்வொரு போட்டோவுக்கும் அரிகரன் ஒரு அடி பின்னால் போனான்.

“எத்தினி கிலோவாட்டு?”

“தெரியாது சார்.”

“ஒரு வாட்டி ஓட்டுனா எவ்ளோ யூனிட்டு இழுக்கும்?”

“நாங்க ஓட்டுறதே இல்ல சார்.”

அவர் குனிந்து உரச் சாக்கைக் காலால் நகர்த்தினார். கேபிளின் முனை வெளியே வந்தது. அதைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

“இந்த வயரு எத்தினி எம்எம்மு? யாரு மாட்டிக் குடுத்தது?”

அதோடு அரிகரனுக்குத் தாங்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்துவிட்டான்.

“சார், தப்புதான். வூட்டு லைன்ல தாங்கல, அதான் இங்க மாட்டிட்டோம். மூணே வாட்டிதான் ஓட்டினோம், சாமி சத்தியமா. ஃபைன் வேணா போடுங்க. மோட்டார் கனெக்‌ஷன்ல மட்டும் கை வெச்சிடாதீங்க. கருது வர்ற நேரத்துல தண்ணி இல்லன்னா நெல்லு பதராப் போயிடும்.”

“வேணும்னா சூளைய எடுத்துக்கினு போங்க சார்” என்றாள் கல்பனா. “பயிர வுட்டுடுங்க.”

வந்தவர் திகைத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேபிளை மெதுவாகக் கீழே வைத்தார். திரும்பி ரோட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கைய வுடுங்கண்ணே, நான் கிருமாம்பாக்கம் அன்புராஜ். நானும் வூட்டுல மண்ணு வேலைதான் பண்றேன், மண்ணு விக்கிறவருதான் உங்க பேரச் சொன்னாரு. நேத்துதான் நானும் மோட்டார் கரண்டுல சூளைய மாட்டினேன், சரியா மாட்டியிருக்கேனான்னுதான் அளந்து பாத்தேன். கரண்டு ஆபீசு ஆளு வந்தா இன்னா சொல்லி சமாளிக்கிறதுன்னு உங்களக் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்.”