கப்பல் பட்ட பாடு

ஒரு கணினி விளையாட்டுக்குள்ளே, விண்வெளியில் ராட்டினம் போல ஒரு பெரிய நிலையம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் இருந்த கொக்கிக்கு, வந்து சேரும் கப்பல்களை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் வேலை.

அன்று ஒரு சரக்குக் கப்பல் வந்து மாட்டிக்கொண்டது. மாட்டிய பிறகும் தன் இயந்திரத்தை நிறுத்தவில்லை. நிலையம் வலப்பக்கம் சுற்றச் சுற்ற, அது இடப்பக்கம் தள்ளியது. எல்லாம் கிடுகிடுவென்று ஆடின.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்கண்ணே. என் கை கழண்டுடும் போல இருக்கு" என்றது கொக்கி.

"நான் சும்மா இருந்தா இந்த நிலையமே சிதறிடும். ஆடாம பிடிச்சு நிறுத்துறது நான் ஒருத்தன்தான்" என்ற கப்பல், இன்னும் பலமாகத் தள்ளியது. கொக்கியில் விரிசல் விழுந்தது.

நல்லவேளை, விளையாடிக்கொண்டிருந்தவள் அதைக் கவனித்துக் கப்பலின் இயந்திரத்தை அணைத்தாள். கப்பல் தூங்கிப்போனது. ஆட்டம் நின்றது. நிலையத்தோடு சேர்ந்து கப்பலும் ஒரே சீராகச் சுற்றியது. கொக்கிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கிளம்பும் நேரத்தில் அவள் மறுபடி இயந்திரத்தை முடுக்கினாள். கப்பல் கண்விழித்துச் சுற்றிலும் பார்த்தது.

"எப்படி அடங்கிடுச்சு பார்த்தியா? நான் பட்ட பாடு வீண்போகலை."

கொக்கி தன் விரிசலை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"ஆமாண்ணே, பார்த்துப் போங்க" என்று சொல்லி, கப்பல் மறுபடி தள்ளத் தொடங்குவதற்குள் பிடியை விட்டது.