பால் பவுடர் டப்பா

"ஏங்க, அத்தை குளிச்சு முடிச்சிட்டாங்க! சட்டுனு டப்பாவ மூடி மேல வைங்க!"

கன்னத்தில் அப்பியதை அவசரமாகத் தேய்த்துக்கொண்டே நாகஜோதி குசுகுசுத்தாள். விஜயபாஸ்கர் பால் பவுடர் டப்பாவைச் சமையலறை மேல்தட்டில் ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பேப்பரை விரித்துக்கொண்டான்.

டப்பாவில் பால் பவுடர் இல்லை. மாட்டுக் கொழுப்பு இருந்தது.

டிசம்பர் வந்தால் போதும், அல் குசைஸின் பாலைவனக் காற்று நாகஜோதியின் தோலை அப்பளமாக்கிவிடும். கடையில் விற்கிற கிரீமையெல்லாம் ஒன்றுவிடாமல் பூசிப் பார்த்தாயிற்று. கடைசியில் கைகொடுத்தவள் கீழ்வீட்டு ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்தான். கீழக்கரைக்காரி. மாட்டுக் கொழுப்பை வாங்கி உருக்கி, வடிகட்டி, ரோஜா அத்தர் விட்டு அவள் ஆறவைத்துத் தரும் வெள்ளைக் களிம்புக்கு அந்தக் கட்டிடமே அடிமை.

ஆனால் இந்தக் குளிர்காலத்தில் மாமியார் வீரம்மாளும் விசிட் விசாவில் வந்து இறங்கிவிட்டாள். கழுத்தில் ருத்ராட்சம், நெற்றி நிறையத் திருநீறு. அவள் வருவதற்கு முன்பே நாகஜோதி வீட்டில் இருந்த முட்டைகளை எல்லாம் பக்கத்து வீடுகளுக்குத் தானம் பண்ணியிருந்தாள்.

"அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சுது, அடுத்த பிளைட்லயே ஏறிடுவாங்க," என்று விஜயபாஸ்கர் அப்போதே பயமுறுத்தியிருந்தான்.

அவள் ஏறிவிட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? ஜனவரியில் நாகஜோதி வேலைக்குச் சேரவேண்டும். எத்தனையோ ஆபீஸ் படி ஏறி இறங்கிக் கிடைத்த வேலை. போனால் வராது.

அதனால்தான் பால் பவுடர் டப்பா. "இது பாலா? சுண்ணாம்பு!" என்று வந்த அன்றைக்கே வீரம்மாள் அதைப் பார்த்து முகம் சுளித்திருந்தாள். வீட்டில் அவள் கை படாத ஒரே பொருள் அதுதான்.

ஆனால் ஒரு நாள் காலையில் பார்த்தால், டப்பாவில் பாதியைக் காணோம்.

"ஏங்க, நீங்க எடுத்தீங்களா?"

"நானா? என் மூஞ்சிய யாரு பாக்கப் போறா?"

"அப்ப எப்படிக் கொறையுது?"

"நீ அப்புற அப்புக்கு ஒரு முழு மாடே பத்தாதுடி."

இருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தவள் அலறாத குறை. விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது.

"ஏங்க, இன்னைக்கு ரொம்பியிருக்கு!"

"அம்மா கும்புடுற சாமியோட மகிமையா இருக்கும்," என்றான் அவன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். நாகஜோதி முறைத்தாள்.

சாயந்திரம் வீரம்மாள் வழக்கம்போல் கிளம்பினாள். "வாக்கிங் போயிட்டு வாரேன் தாயி."

ஊரில் தெருமுனைக் கோயிலுக்கே ஆட்டோ கேட்கும் மாமியார், இங்கே வந்ததிலிருந்து ஒரு நாள் தவறாமல் வாக்கிங். குளிருதாம், காலில் சாக்ஸ் வேறு. அவள் குனிந்து சாக்ஸை மாட்டும்போது நாகஜோதியின் பார்வை குதிகாலில் விழுந்தது. ஊரிலிருந்து வந்தபோது காசு சொருகலாம் போல வெடித்துக் கிடந்த குதிகால், இப்போது குழந்தையின் பாதம் மாதிரி வழவழவென்று இருந்தது. மாமியார் கடந்துபோகையில் ரோஜா அத்தர் வாசம் வேறு குப்பென்று அடித்தது.

நாகஜோதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, என்னவென்று தெரியாமலே பூசிக்கொண்டிருக்கிறாள்! சுத்த சைவத்தை இப்படிக் கெடுத்த பாவம் தன் தலையில்தானே விடியும்? நினைக்க நினைக்க அழுகையே வந்துவிட்டது.

லிஃப்ட் இறங்கியதும், குழந்தையை விஜயபாஸ்கர் மடியில் போட்டுவிட்டுப் படிவழியே ஓடினாள். இதற்கு ஒரு வழி சொல்ல ஜன்னத் அக்காவை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஜன்னத் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு. அதற்குள் சுருட்டித் திணித்த சாக்ஸ்.

நாகஜோதி மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அடுப்படியில், ருத்ராட்சத்தைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் பத்திரமாக முடிந்துகொண்டு, கையில் கரண்டியோடு வீரம்மாள் நின்றாள்.

"தீயக் கொறைம்மா, கருகிரும்."

"நீங்க வந்த பொறவுதாம்மா இதுக்குப் பதமே வருது," என்றாள் ஜன்னத், சிரித்துக்கொண்டே.

"இது மாட்டுக் கொழுப்புன்னு நீ சொன்ன அன்னைக்கு வீட்டுக்குப் போயி ரெண்டு தடவ தலைக்குக் குளிச்சேன். குளிச்சதுல தோலு இன்னும் வெடிச்சிருச்சு! அப்புறம் என்ன செய்ய? மேலதான பூசுறோம், திங்கவா செய்றோம்?" வீரம்மாள் கரண்டியைத் தட்டி வைத்தாள். "எனக்குன்னு தனியா ஒரு டப்பா குடு. மருமக டப்பாவுல எடுக்குறதும் ரொப்புறதும் பெரிய பாடா இருக்கு. நேத்து ரொப்பும்போது கொஞ்சம் கூடப் போயிருச்சு, பாத்துட்டாளோ என்னவோ."

ஜன்னத் வாசலில் நின்ற நாகஜோதியைப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

வீரம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு தாயி, இது என்னன்னு அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாத. முட்டையக்கூட வீட்டுக்குள்ள விடாத புள்ள, ஏதோ கிரீமுன்னு நெனச்சுப் பூசிக்கிட்டுத் திரியுது. மாடுன்னு தெரிஞ்சுது, அடுத்த பிளைட்லயே அவ ஆத்தா வீட்டுக்கு ஏறிடுவா!"