ஒரு தலை குறைவு

“முப்பத்திரண்டு” என்று அறிவித்தார் முன்திர். அவையில் உட்கார்ந்திருந்தவர்களோ முப்பத்து மூன்று பேர்.

பதினெட்டு வருடமாக அந்த நாடாளுமன்றத்தில் தலை எண்ணுகிற எழுத்தர் அவர். அறுபத்தைந்து உறுப்பினர்களில் முப்பத்து மூன்று பேராவது நாற்காலியில் இருந்தால்தான் கேள்வி நேரம் நடக்கும். அதுவோ மதியச் சாப்பாட்டை ஒட்டி வரும். அதற்குள் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

“கோரம் இல்லை, ஆள் போதாது. கேள்விகள் நாளைக்கு” என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டினார் சபாநாயகர்.

உறுப்பினர் லுப்னா எழுந்துவிட்டார். பதினேழாம் எண் கேள்வி அவருடையது. நான்கு வருடத்துக்கு முன் விசாரணை என்று வீட்டிலிருந்து கூட்டிப் போகப்பட்ட ஸுஹைப் என்ற இளைஞன் எங்கே? அதுதான் கேள்வி.

“நானே எண்ணினேன் தலைவரே! முப்பத்து மூணு பேர் இருக்கோம். இவருக்குக் கண்ணு தெரியலையா?”

“எழுத்தர் எண்ணினதுதான் எண்ணிக்கை, விதி அப்படி. போங்கம்மா, மக்லூபா சோறு ஆறிடப்போகுது.”

அவை சிரித்துக்கொண்டே கலைந்தது. வெளியே போகிற வழியில் லுப்னா முன்திரின் மேசை முன்னால் நின்றார்.

“உள்துறைக்காரங்க உங்க வீட்டுக்கு எத்தனை ஆடு அனுப்பினாங்க? பதினோரு நாளா அந்தக் கேள்வி வாசல்லயே நிக்குது. மேல உட்கார்ந்திருக்கிற அந்தத் தாயை நிமிர்ந்து பார்க்கவாவது உங்களால முடியுதா?”

லுப்னா போன பிறகுதான் முன்திர் பார்வையாளர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

முன்வரிசையில், வழக்கமான இடத்தில், ஸுஹைபின் தாய். ஊரெல்லாம் உம்மு ஸுஹைப் என்றே கூப்பிடும். முன்திர் எண்ணத் தொடங்கினால் போதும், அந்த அம்மாவின் விரல்களும் தஸ்பீஹ் மாலையை உருட்டத் தொடங்கிவிடும். சில நாள் பாதி மாலையோடு நின்றுபோகும். இன்று முப்பத்து மூன்று மணியும் தீர்ந்து, குஞ்சம் கைக்கு வந்து நின்றிருந்தது.

பாவம், மகனுக்காக துஆ கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டே முன்திர் தன் அறைக்குப் போனார்.

பூட்டியிருந்த இழுப்பறையைத் திறந்தார். உள்துறையின் பதில் அதற்குள்தான் கிடந்தது. அமைச்சர் அவையில் வாசிக்கும்வரை அதை யாரிடமும் காட்டக் கூடாது. ஆனால் உறையைப் பிரித்து வரிசை எண் போடுவது முன்திரின் வேலை. பதினோரு நாளுக்கு முன் போட்டார். போடும்போது கண் சும்மா இருக்குமா?

ஒரே வரி. ‘மேற்படி நபர் காவலில் எடுக்கப்பட்ட மூன்றாம் நாள் இறந்தார்; அடக்கம் செய்த இடம் குறிப்பில் இல்லை.’

இந்த வரியை அந்த அம்மா அத்தனை பேர் நடுவில், ஒலிபெருக்கியில், அமைச்சரின் வாயால் கேட்க வேண்டும். கேட்ட அன்று மாலையே வாசலில் துக்கப் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்குச் சர்க்கரை இல்லாத காபி ஊற்ற வேண்டும். பதினோரு நாளில் ஆறு நாள் நிஜமாகவே ஆள் சேரவில்லை. மீதி ஐந்து நாளும் முன்திர் ஒரு தலையை விழுங்கினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கதவைத் தட்டிவிட்டுப் பராமரிப்புப் பிரிவு ஹாத்திம் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, எல்லா நாற்காலிக்கும் வயர் இழுத்தாச்சு. நாளையிலேர்ந்து ஆள் உட்கார்ந்தாலே பலகையில நம்பர் விழும். இனி உங்க விரலுக்கு வேலையே இல்ல, சும்மா காதைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கலாம்!”

“நாளைக்கேவா?”

“ஆமா. டிவிக்காரங்க வர்றாங்களாம். அதனால மொத்தப் பேரும் வந்துடுவாங்க, பாருங்க.”

முன்திர் இழுப்பறையைப் பூட்டினார். சாவி ஒரு தடவையில் நுழையவில்லை.

வெளி வாசலில் காவலரின் நிழற்கூண்டை ஒட்டி உம்மு ஸுஹைப் காத்திருந்தார். முன்திரைக் கண்டதும் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட மஅமூல். இது ஐந்தாவது பொட்டலம்.

“எடுத்துக்கோ மகனே. ஸுஹைபுக்கு எடுத்து வெச்சது போக மிச்சம்.”

முன்திர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“உம்மு ஸுஹைப்... நாளைக்கு உங்க கேள்வி வந்துடும்.”

“யார் சொன்னது?”

“இனிமே நான் எண்ண மாட்டேன். மெஷின் எண்ணப் போகுது.” பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “நாளைக்கு நீங்க மாடத்துக்கு வராதீங்கம்மா. வெயில் வேற. நானே வீட்டுக்கு வந்து...”

அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. கையிலிருந்த மாலையில், குஞ்சத்துக்குப் பக்கத்தில் இருந்த கடைசி மணியைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னால் தள்ளினார்.

“அந்த மெஷினுக்கு உன்னை மாதிரி ஒண்ணு குறைச்சு எண்ணத் தெரியாதா, மகனே?”