வண்டு துளைத்த பெட்டி

மரம் துளைக்கும் வண்டு பரவியதிலிருந்து, வெளியூர் மரம் எதையும் மலையேற விடக்கூடாது என்று உத்தரவு. சோதனைச்சாவடியில் வனக்காவலர் பூங்கோதை நிறுத்திய வேனில் ஒரு சவப்பெட்டி இருந்தது. அதன் பக்கவாட்டில் பொடிப்பொடியாகத் துளைகள். விரலால் தொட்டதும் மரத்தூள் உதிர்ந்தது.

"பெட்டிய விட முடியாதுண்ணே. அப்பாவத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க," என்றாள், பெட்டியருகே உட்கார்ந்திருந்த மகன் ஞானதாஸிடம்.

"இந்தக் காட்டுலயே வாச்சரா இருந்தவரு மேடம். கடைசியா ஒருவாட்டி கௌரவமா போகட்டுமே."

அவளுக்கு எது சரியென்று புரியவில்லை. "அவரு இங்க நின்னிருந்தா விட்டிருப்பாரா?" என்று கேட்டாள்.

ஞானதாஸ் பெட்டியையே பார்த்தான். "விட்டிருக்க மாட்டாரு," என்றான். ஆனால் இறங்கவில்லை. அவளும் தடுப்புக்கம்பத்தின் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள், தூக்கி வழிவிடுவதா வேண்டாமா என்று தெரியாமல். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின.