கடைசி அரியர்

மாணவர் ஒருவராவது குடியிருக்கும் வீட்டைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ள முடியாது என்பது சட்டம். அதனால்தான் தேன்மதி ஒன்பது வருடமாக ஒரே ஒரு அரியரைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிவந்தாள். தெருவில் மிச்சமிருந்த ஏழு வீட்டிலும் இப்படி ஒருவர் தோற்றுக்கொண்டிருந்தார். மற்ற வீடுகள் எப்போதோ விடுதியாகிவிட்டன.

அன்று தேர்வு முடிவைக் கேட்டு அம்மா பவுன்தாய் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏட்டி, பாஸாயிட்டியாமே! நம்ம வம்சத்துலயே மொத டிகிரி!" என்றவள் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பாவி, நெசமாவே எழுதித் தொலைச்சிட்டியா?"

"வெறுந்தாளத்தாம்மா குடுத்தேன். கருணை மதிப்பெண்ணாம். ஏழு வீட்டுக்கும் போட்டிருக்கானுவ."

"இத்தன வருசமா இல்லாத கருணையா?"

"அவனுவளுக்கு இடம் பத்தலல்லா."

அதற்குள் வாசல் கதவின் மின்திரை பல்கலைக்கழகத்தின் நீலத்துக்கு மாறி, காலி செய்ய முப்பது நாள் என்று காட்டியது. தேன்மதி செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தேர்வுத்துறைக்குப் போனாள். தெருக்காரர்கள் ஆறு பேரும் பின்னாலேயே வந்து வரிசையில் நின்றார்கள்.

மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தைப் புரட்டிய எழுத்தர், "பாஸ்தானேம்மா? இன்னும் எத்தனை மார்க் வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் சார். என் பூச்சியத்தை எனக்குத் திருப்பிக் குடுங்க."